தராசுத் தட்டில் ஒரு தளிர்

சவலைப் பிள்ளை என்றோர் சொல், நம் பாட்டிமார் நாவிலே இன்றும் உலவுகிறது. இடுப்பிலே ஒன்று இருக்கும்போதே வயிற்றிலே மற்றொன்று வந்துவிட்டால், பால் மறக்கடிக்கப்பட்டு, வாடி வதங்கி, எதற்கெடுத்தாலும் சிணுங்கிக் கிடக்குமே ஒரு குழந்தை, அதற்குச் சவலை என்று பெயரிட்டார்கள். மருத்துவக் கல்லூரியின் வாசற்படியையும் மிதித்தறியாதவர்கள் அவர்கள். எனினும், நோய் எது, நோயின் மூலம் எது என்ற இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்!

கடல்கள் பல கடந்து, ஆப்பிரிக்காவின் பொன் கடற்கரைக்குச் செல்வோம். இன்று கானா என்று விடுதலைப் பெயர் பூண்டு நிற்கும் நாடு அது. 1930-களில் அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் எனும் மருத்துவ அம்மையார், கால்கள் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டை பாய்ந்து மடியும் குழந்தைகளைக் கண்டார். மற்ற மருத்துவர்கள் வேறு ஏதோ நோயென்று ஏட்டில் எழுதிக்கொண்டிருக்க, அம்மையாரோ அந்தத் தாய்மாரிடமே சென்று கேட்டார். 'குவாஷியோர்கர்' என்றனர் அவர்கள், தங்கள் கா மொழியிலே. அடுத்தது பிறந்ததும் இருக்கையிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் பிணி என்பது அதன் பொருள். 1935-இல் அந்தச் சொல்லையே லண்டன் மருத்துவ ஏட்டில் அவர் ஏற்றினார். இன்று உலகத்து மருத்துவ நூல் அனைத்திலும் அது இருக்கிறது.

அக்கிராவின் தாயும் நம் ஆண்டிப்பட்டித் தாயும் ஒருவரை ஒருவர் கண்டவர்கள் அல்லர். மொழி வேறு, நிறம் வேறு, உண்ணும் கிழங்கு வேறு. ஆனால் துயரம் ஒன்று. அந்தத் துயரத்துக்கு அவர்கள் கண்ட பெயரும் ஒன்று!

சொல் இருந்தது நம்மிடம். அளவுகோல்தான் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்திலே என்ன நுழையும்? தேரை நுழைந்தது! தேரை பார்த்துவிட்டதால் பிள்ளை தேய்கிறது என்றார்கள். பறவை நிழல் பட்டது, பட்சி தோஷம் என்றார்கள். ஈரச் சுவரோரம் ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தேரைக்கு, குப்பாயியின் குழந்தைமீது என்ன குரோதம்? கேட்பாரில்லை. தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், வசம்பை உரைத்து நாவில் தடவினார்கள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு நம் நாட்டில். பெயரென்னவோ பெரிய பெயர்தான். வளர்த்தது என்னவோ தாய்ப்பாலும் பருப்புச் சோறும்!

இன்றைய நாளில் குழந்தையை எடை போட அழைத்தால், "கண்ணு பட்டுரும், வேண்டாம்" என்று முந்தானைக்குள் மறைக்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள்மீது நமக்குச் சினமில்லை. ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு எண்களைக் கண்டும் அச்சம் வரும். எனினும் அந்தத் தாயிடம் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: அம்மா, தராசு கண் வைக்காது, நம் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும்.

எப்படிக் காட்டும்? அண்மையில், தெற்கத்திச் சிற்றூர் ஒன்றின் அங்கன்வாடியில் கண்ட காட்சியைச் சொல்கிறோம்.

எடை போடும் நாள். வாசலிலே வரிசை. மூன்றாண்டு நிறைந்த பெண் குழந்தையொன்றைத் தூக்கிக்கொண்டு அதன் அப்பத்தா வந்திருந்தார். தாய், நூற்பாலையில் காலைமுறை வேலைக்குப் போய்விட்டாராம். பொட்டு வைத்த நெற்றி, பூப்போட்ட பாவாடை, கையிலே ஒரு பிஸ்கோத்து. பார்த்தால் குறையொன்றும் தெரியாது. தட்டிலே நிறுத்தினார் டீச்சர்.

"பதினோரு கிலோ. பச்சைக்குள்ளதான் இருக்கா அப்பத்தா, பயமில்லை" என்றார்.

பச்சை என்பது வளர்ச்சி அட்டையின் நிறம். குறிக்கும் புள்ளி பச்சையில் விழுந்தால் நலம், மஞ்சளில் விழுந்தால் எச்சரிக்கை, அதற்கும் கீழே போனால் ஆபத்து. மூன்றாண்டுப் பெண் குழந்தையின் எடை, நடுத்தரமாக 13.9 கிலோ இருக்க வேண்டும், 10.8-க்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு. நம் குழந்தை பதினொன்று. கோட்டுக்கு மேலே, நூலிழையில் நிற்கிறது. டீச்சர் சொன்னது பொய்யல்ல.

"உயரம்?" என்று கேட்டோம்.

உயரம் பார்க்கும் பலகை அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. ஆயா அதை இழுத்து, தூசி தட்டிக் கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றி, உச்சிக் குடுமியை அவிழ்த்து, குதிகாலும் முதுகும் பின்தலையும் பலகையில் படும்படி நிறுத்தி அளந்தபோது, 85.5 சென்டிமீட்டர் வந்தது. அந்த அகவைப் பெண்ணுக்கு நடுத்தர உயரம் 95.1. 87.4-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று பொருள். பச்சையிலே இருந்த பிள்ளை, குட்டையிலே இருந்தது!

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறது. ஆகவே கண்ணுக்கு மெலிவு தெரியவில்லை. அகவைக்கு ஏற்ற உயரம்தான் இல்லை. எடையை மட்டும் பார்த்தால் இந்த உண்மை எந்நாளும் வெளிவராது. அகவைக்கு எடை, அகவைக்கு உயரம், உயரத்துக்கு எடை என்று மூன்றையும் மருத்துவர்கள் கேட்பது இதனால்தான். கடைசியது குறைந்தால் அண்மைக் காலத்துப் பட்டினி அல்லது நோய். நடுவில் உள்ளது குறைந்தால் நெடுநாள் வஞ்சனை. முன்னதை ஓரிரு திங்களில் மீட்கலாம். பின்னதை மீட்பது எளிதன்று. அதிலும் இரண்டாண்டு தாண்டிவிட்டால் மிகக் கடினம்.

அப்பத்தா சிரித்தார். "எங்க வம்சமே குட்டைதான் தம்பி. இவ தாத்தா என் தோளுக்குத்தான் வருவாரு" என்றார்.

வம்சம்! நாட்டிலே எத்தனை அநீதிகளுக்கு இந்த ஒரு சொல் போர்வையாக இருந்திருக்கிறது! உழுபவன் பிள்ளை குட்டையாகத்தான் இருக்கும், அது அவன் வாகு. படித்தவன் பிள்ளை நெட்டையாக வளரும், அது இவன் வாகு என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

உலக சுகாதார நிறுவனம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. 1997-இல் தொடங்கி 2003 வரை, பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் அளந்த இடம் டில்லி. தாய்ப்பால் உண்டு, நல்ல உணவும் தூய்மையான சூழலும் பெற்று, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கண்டது என்ன? ஆறு நாட்டுக் குழந்தைகளும், ஐந்தாண்டு வரை, ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்ந்தார்கள்! ஆஸ்லோவின் வெள்ளைக் குழந்தையும் அக்கிராவின் கறுப்புக் குழந்தையும் டில்லியின் மாநிறக் குழந்தையும் ஒரே கோட்டின்மீது நடந்தார்கள். 2006-இல் வெளிவந்த வளர்ச்சி அளவுகள் இவ்வாறு பிறந்தவை. அங்கன்வாடிச் சுவரில் தொங்கும் அட்டை வெறும் காகிதமல்ல, தோழர்களே; பிள்ளைப் பருவத்தில் குலம் உயரத்தைக் குறைப்பதில்லை, குறைப்பது கும்பியின் வெறுமையும் குடிநீரின் அழுக்கும் என்று உலகு எழுதித் தந்த சாசனம் அது.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் பேசவில்லை நாம். வேறொன்றைக் கேட்டோம். பால் குடிக்கும் நாளில் பிள்ளைக்கு நோய் ஏதும் வந்ததா?

"எட்டு மாசத்துல வயித்தால போக ஆரம்பிச்சுது. போகும், நிக்கும், திரும்பப் போகும். ஒரு வருசம் அதே பாடு."

"அப்ப சாப்பாடு?"

"சாப்பாட்டை நிப்பாட்டிட்டு ஆரோட்டுக் கஞ்சிதான் குடுத்தோம். வயித்துக்கு ஓய்வு வேணும்ல?"

விளங்கிற்று. வம்சமல்ல, வயிற்றுப்போக்கு! குழந்தைக்கு எந்தப் பருவத்தில் உணவு மிகமிகத் தேவையோ, அந்தப் பருவத்தில் ஓராண்டுக் காலம் விட்டுவிட்டுப் பட்டினி. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், பதினான்கு நாள் துத்தநாக மாத்திரை கொடுங்கள், தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள் என்று மருத்துவம் சொல்கிறது. அந்தச் செய்தி அப்பத்தாவின் அடுக்களை வரை வந்து சேரவில்லை. குற்றம் அப்பத்தாவுடையதா? செய்தி சொல்லக் கடமைப்பட்டவர்களுடையதா?

எடைத் தராசு இல்லாத இடத்துக்கும் வழி இருக்கிறது. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை, மேற்கையின் சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒரு நாடாவைப் புயத்தில் சுற்றினாலே போதும். இதை 1970-களில் எடுத்துச் சொன்னவர், ஷாகிர் எனும் பாக்தாத் மருத்துவர். இன்றைய அளவுப்படி 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவலை, 11.5-க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனை. பாதத்தின்மேல் பெருவிரலால் மூன்று வினாடி அழுத்திப் பாருங்கள். இரண்டு காலிலும் குழி விழுந்து நின்றால், எடை எதுவாக இருந்தாலும் மருத்துவமனைதான். நாடா ஒன்றும் விரல் ஒன்றும் ஓர் உயிரைக் காக்கும்!

நமது நாட்டுக்கு இவை புதியன அல்ல. 1975 அக்டோபர் 2-இல், இந்திய நாடெங்கும் 33 ஒன்றியங்களில் சோதனையாகத் தொடங்கிற்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம். 1980-இல் தமிழ்நாட்டில், உலக வங்கிக் கடனுதவியோடு, ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலடி எடுத்து வைத்தது. அதன் முறையைக் கேளுங்கள். ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரையுள்ள பிள்ளைகளைத் திங்கள்தோறும் எடை போடுவது. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும், தொண்ணூறு நாள், சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்தம், மறுபடி தடுமாறினால் மறுபடி உருண்டை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், தேவைப்பட்ட பிள்ளையைத் தேடிப் பிடித்த திட்டம் அது. தராசுதான் அங்கே தலைமை அதிகாரி!

அந்த வேலைக்கு ஊர்ப் பெண்களை எப்படித் தேர்ந்தார்கள் என்பதுதான் நமக்கு மிகவும் பிடித்த செய்தி. ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் அவள் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்க வேண்டும் — இதையும் ஒரு தகுதியாகப் பார்த்தார்கள். எத்துணை நுட்பம்! 'இல்லாத வீட்டிலும் பிள்ளை வளரும், இதோ நான் வளர்த்திருக்கிறேன்' என்று அவள் சொன்னால், அடுத்த வீட்டுக்காரி காது கொடுப்பாள். காரில் வந்திறங்கி, கீரை உண்ணுக என்று அறிவுரை பகர்வோரிடம் அவள் காது கொடுப்பாளா?

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, இரண்டாண்டு நிறைந்த பிள்ளைக்கும் இலை போடப்பட்டது. பின்னாளில் முட்டை வந்தது. ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரையுள்ளோர்க்குச் சத்துமாவு வீடு தேடி வந்தது. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடிகள். பெருமைப்படத் தக்கதுதான், பெருமைப்படுகிறோம். பெருமையோடு நின்றுவிட நமக்கு உரிமையில்லை.

ஏனெனில், எண்கள் இருக்கின்றன. 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஐந்தாண்டுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வளர்ச்சி குன்றியோர் என்றது. தமிழ்நாட்டில் 25. பத்துப் புள்ளி முன்னே நிற்கிறோம், உண்மை. ஆனால் நாலு பிள்ளையில் ஒரு பிள்ளை என்று அதைச் சொல்லிப் பாருங்கள்! இரத்தசோகையோ இதனினும் கொடிது. நம் மாநிலத்தில், ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகளில், 2015–16-இல் 50.7 விழுக்காடு இருந்தது, 57.4 ஆக ஏறிற்று. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது. 'அகில இந்தியாவில் 67 அல்லவா' என்று ஆறுதல் சொல்ல வருவோரை நாம் அறிவோம். பக்கத்து வீடு முழுதும் எரிகிறது என்பதற்காக, நம் வீட்டுக் கூரையில் பற்றிய தீயை ரசித்துக்கொண்டா இருப்போம்?

இரும்பு எங்கே போயிற்று? அப்பத்தாவிடம் நேற்றைய உணவைக் கேட்டோம். உணவை அளக்க எளிய வழி இதுதான்: "நேற்றுக் காலை கண் விழித்தது முதல் இரவு கண் மூடியது வரை, வாய்க்குள் போனதென்ன?" என்று ஒன்றொன்றாய்க் கேட்பது. 'நல்லாச் சாப்பிடுவா' என்ற விடையை ஏற்கக் கூடாது; எது, எவ்வளவு, எத்தனை முறை என்று துருவ வேண்டும்.

"காலையில டீயும் வர்க்கியும். மத்தியானம் இங்க சோறு, முட்டை. சாயங்காலம் கடையில அஞ்சு ரூபாப் பொட்டலம் கேட்டு அழுதா, வாங்கிக் குடுத்தேன். ராத்திரி ரசஞ்சோறு. பாதியிலேயே தூங்கிட்டா."

எண்ணிப் பார்ப்போம். தாய்ப்பால், தானியம், பருப்பு, பால், இறைச்சி மீன், முட்டை, மஞ்சள் செம்மை நிறக் காய்கனியும் கீரையும், பிற காய்கனி என்று எட்டு வகை. இவற்றில் ஐந்தாவது ஒரு நாளில் உள்ளே போகவேண்டும் என்பது, இரண்டாண்டு நிறையாத குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. மூன்றாண்டுக் குழந்தைக்குத் தேவை அதனினும் குறையுமா? நம் குழந்தைக்கு முறையாகக் கிட்டியது சோறும், முட்டையும், சாம்பாரில் கரைந்த கொஞ்சம் பருப்பும் காயும். அதுவும் அங்கன்வாடி புண்ணியத்தில்! ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று கேட்கவே நமக்கு மனம் வரவில்லை. காலைத் தேநீரோ, உணவில் உள்ள இரும்பும் உடலில் சேராதபடி தடுக்கும் பகைவன். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் பசியை அடக்கும், பிள்ளையை வளர்க்காது. முருங்கை மரமில்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை என்பதையும் பார்த்தோம். மரம் கொல்லையில், சோகை பிள்ளையில்! நாடெங்கும் எடுத்த கணக்கிலோ, இரண்டாண்டு நிறையாத குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர் நூற்றுக்கு 11 பேரே என்றது அதே கணக்கெடுப்பு. ஏழை வீட்டுக் குறை மட்டுமல்ல இது. வசதியுள்ள வீடுகளிலும் பிஸ்கோத்தும் பால்பொடியும் அரசாள்கின்றன.

எடையும் உயரமும் ஊணும் பார்த்தோம். முடிந்ததா? இல்லை. குழந்தை பானையல்ல, கொள்ளளவு பார்த்து ஒதுங்கிவிட! அது பேசுகிறதா? ஓராண்டில் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? இரண்டில் இரு சொல் சேர்த்து, 'அம்மா, பால்' என்கிறதா? மூன்றில் வட்டம் பார்த்து வட்டம் வரைகிறதா? பின்னாலிருந்து அழைத்தால் திரும்புகிறதா? "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று காத்திருந்து, ஐந்தாண்டு கழித்துச் செவிப்புலன் இல்லையென்று அறிந்து, தலையில் அடித்துக்கொண்டோர் எத்தனை பேர்! 2013 முதல் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும் என்பது திட்டம். வரும் நாளைத் தாய்மார்க்கு முன்கூட்டிச் சொல்கிறார்களா என்பதே நம் கேள்வி.

ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரச் சேரிகளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். ஒரு பிரிவுக்குப் பால் உணவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம், உள்ளூர்ச் சுகாதார உதவியாளர் ஒருவர் வந்து, அட்டையிலும் குப்பி மூடியிலும் செய்த பொம்மைகளைக் காட்டி, எப்படி ஆடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் கற்றுத் தந்தது. ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. ஈராண்டு நடந்தது. உணவும் அறிவை வளர்த்தது, விளையாட்டும் வளர்த்தது, இரண்டும் சேர்ந்தபோது மிகுதியாக வளர்த்தது என்று சாலி கிரந்தாம்-மெக்ரிகர் அம்மையாரும் தோழர்களும் 1991-இல் எழுதினர். இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்தார்கள். விளையாட்டுப் பெற்ற பிரிவினர், பெறாதவரைக் காட்டிலும் ஏறத்தாழ கால் பங்கு மிகுதியாக ஊதியம் ஈட்டிக்கொண்டிருந்தனர்! வாரம் ஒரு மணி நேரம்; குப்பி மூடிப் பொம்மை!

நாம் சென்ற அங்கன்வாடியிலும் பொம்மைகள் இருந்தன. பீரோவில் இருந்தன. "உடைச்சா கணக்குச் சொல்லணுமே சார்" என்றார் டீச்சர். அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. எடை, உயரம், வருகை, சத்துமாவு, முட்டை, கர்ப்பிணிப் பட்டியல், கைப்பேசிச் செயலியில் அத்தனையும் மறுபடி. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும். இத்தனைக்கும் நடுவிலே பிள்ளையின் தலைமயிரை அவிழ்த்து, குதிகாலைப் பலகையில் ஒட்டி, அளவெடுக்கச் சொல்கிறோம். அதற்கென ஒரு நாள், ஒரு துணையாள் தந்தோமா?

வேறொரு கொடுமையும் உண்டு. எடைக்குறைவுள்ள பிள்ளைகளை மிகுதியாகக் காட்டும் மையத்துக்கு என்ன கிடைக்கிறது? கூடுதல் உணவா, கூடுதல் ஆளா? பல இடங்களில் கிடைப்பது விளக்கம் கேட்கும் தாள்! விளைவு, பதிவேட்டில் எடையெல்லாம் முழு எண்ணிலும் அரை எண்ணிலும் வந்து உட்காருகின்றன. சென்ற திங்கள் பதினொன்று, இத்திங்கள் பதினொன்றரை, அடுத்த திங்கள் பன்னிரண்டு என்று படிக்கட்டுப்போல் ஏறுகின்றன. குழந்தைகள் அப்படி வளர்வதில்லை. காய்ச்சல் வந்த திங்களில் இறங்கும், பனங்கிழங்குக் காலத்தில் ஏறும், வெயிலில் நிற்கும். நேர்கோட்டில் ஏறும் பதிவேட்டைக் கண்டால் மேலதிகாரி பாராட்டக் கூடாது, ஐயுற வேண்டும். உண்மையாய் அளந்து, மஞ்சளில் புள்ளி வைத்த ஊழியருக்குத்தான் மாலை. அந்தப் புள்ளியைத் தேடித்தானே தராசே வாங்கினோம்!

புறப்படும் வேளையில், டீச்சர் புதிய அட்டையொன்றை எடுத்து, அந்தக் குழந்தையின் உயரத்தை எழுதினார். இரும்புச் சத்து மருந்து வாரம் இருமுறை, ஒரு மில்லி என்று அளவுக் குழாயைக் காட்டினார். தேநீரைக் காலையில் நிறுத்தச் சொன்னார். அப்பத்தா அதற்கு மட்டும் முகம் சுளித்தார்.

"டீ இல்லாம எந்திரிக்கவே மாட்டாளே, டீச்சரம்மா!"

"ரெண்டு நாள் அழுவா. மூணாம் நாள் மறந்துருவா. கேப்பைக்கூழ் குடுங்க."

அப்பத்தா அட்டையைச் சுருக்குப் பையில் மடித்து வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பிவந்து, "அடுத்த மாசம் எத்தனாந் தேதி?" என்று கேட்டார். பத்தாம் தேதி என்றார் டீச்சர். அன்றைக்குத் தன் மருமகளையே அனுப்புவதாகவும், ஆலையில் அரைநாள் கேட்டுப் பார்க்கச் சொல்வதாகவும் கூறிவிட்டு, பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். உயரப் பலகையை ஆயா மீண்டும் அரிசி மூட்டைப் பக்கம் தூக்கிப் போக, "அங்க வேண்டாம், செவுத்துல ஆணி அடிச்சு இங்கயே நிப்பாட்டு" என்றார் டீச்சர்.